அப்பாவின் கேஸ் கட்டுகளை என்ன செய்வது? அவரைப் பற்றி என்ன எழுதுவது?

வடக்குவீதி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா புதுக்கோட்டையில் 49 வருடம் சிவில் வக்கீலாக இருந்தார். போன ஐப்பசியில், 76 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின நாள் சாயங்காலம்கூட ஒரு பிராதுக்கு டைப்பிஸ்டிடம் போனில் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். பெயரை இங்கே போட அம்மாவுக்கு விருப்பமில்லை. வடக்கு 3ஆம் வீதி, திண்ணை வைத்த ஓட்டு வீடு, வாசலில் பச்சை டி.வி.எஸ். 50. தெரிந்தவர்களுக்கு இது போதும்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, கட்டுகள். முன்னறைதான் அப்பாவின் ஆபீஸ். மூன்று சுவரிலும் அலமாரி, மேலே பரண். இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினேன், 412 கட்டு. ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் வழக்கு எண், வாதி, பிரதிவாதி, எந்தக் கோர்ட் என்று எழுதி, சிவப்பு நாடா போட்டுக் கட்டியிருக்கிறார். பழையது 1978ஆம் வருடத்துக் கட்டு. சிலவற்றைப் பிரித்துப் பார்த்தேன், உடனே மூடிவிட்டேன். உள்ளே அசல் பத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் புதுக்கோட்டை சமஸ்தானத்து முத்திரைத் தாளே இருக்கிறது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச் 3ஆம் தேதி, அப்பா பிறந்ததும் அதே வருடம்தான். அவர் வயதை விடப் பழைய காகிதத்தை யாரோ நம்பி அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது.

நான் கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியை. தம்பி பெங்களூரில். அம்மாவுக்கு 2011இல் பக்கவாதம் வந்து வலது கை சரியாக வராது. தனியாக விட முடியாது, சித்திரைக்குள் என்னோடு கூட்டிப் போக வேண்டும். வீட்டைப் பூட்டும் முன் இந்தக் கட்டுகளுக்கு ஒரு வழி செய்ய வேண்டும். யாரிடம் கொடுப்பது? எதை வைத்துக்கொள்வது?

இரண்டாவது, வழக்கறிஞர் சங்கத்தில் அடுத்த மாதம் படத்திறப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். சென்னை சட்டக் கல்லூரியில் படித்தார், 1975இல் சன்னது எடுத்து வக்கீலானார், 1977இல் கல்யாணம். நாலு வரியில் நின்றுவிட்டது. அதற்குமேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு அப்பாதான்.

அந்த அப்பாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். எனக்கு ஒன்பதாம் வகுப்பு வரை தலை பின்னி விட்டது அவர்தான். அம்மா பின்னினால் தளர்ந்துவிடும், அப்பா பின்னினால் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். கட்டுக்கு நாடா போடும் அதே கை. காலை 5 மணிக்கு எழுந்து கேஸ் படிப்பார், 7 மணிக்கு மூடி வைப்பார். அதன் பிறகு 9:30 வரை எந்தக் கட்சிக்காரர் (கேஸ் கொடுத்தவர்) வந்தாலும் திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுப்பாரே தவிர, கேஸ் பேச மாட்டார். அது எங்கள் நேரம்.

1992 என்று நினைக்கிறேன். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் நம் மாவட்டத்துப் பெண்களெல்லாம் சைக்கிள் கற்றுக்கொண்ட சமயம். கலெக்டராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். அம்மாவுக்கும் ஆசை. வெளியே சொல்ல வெட்கம். அப்பா எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மன்னர் கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடினார். நானும் தம்பியும் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது ஞாயிறு கையை விட்டுவிட்டார், அம்மாவுக்குத் தெரியவே இல்லை. ஒரு சுற்று சுற்றி வந்து, அப்பா எதிரே நிற்பதைப் பார்த்ததும்தான் பயந்துபோய் இறங்கினாள்.

மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. கீரமங்கலம் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போய்விடுவோம். அங்கே பலாப்பழம் அறுப்பது அப்பா வேலை. கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு சுளைகூட அவர் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் அடிப்பழத்துச் சடையை வழித்துத் தின்பார், அதுதான் ருசி என்பார்.

ஆனால் கோர்ட்டைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். “கட்சிக்காரர் என்கிட்ட சொன்னது என்னோட போகணும்” என்பார். வீட்டில் அவர் சட்டம் பேசியதாக எனக்கு நினைவிருப்பது ஒரே ஒரு நாள்தான். எனக்குப் பத்து வயது. தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பிறப்பாலேயே சம பங்கு என்று 1989 மார்ச் 25 முதல் செல்லும்படி சட்டத்தைத் திருத்தினார்கள். ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: “இனிமே நீயும் தம்பியும் ஒண்ணு. எனக்கு எப்பவும் ஒண்ணுதான், இப்ப சர்க்காருக்கும் ஒண்ணு.” தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பளம் கேட்டான்.

அவரைக் கோர்ட்டில் பார்த்தவர்கள், அவரிடம் கேஸ் கொடுத்தவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எனக்குத் தெரியாத அப்பாவை நான் தெரிந்துகொள்ள வேண்டும்.


காவிரிக்கரை வக்கீல்:

அக்கா, உங்கள் அப்பாவை எனக்கு நேரில் தெரியாது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் 14 வருடமாக சிவில் பார்க்கிறேன். என் சீனியர் இறந்தபோது இதே வேலையை நான்தான் செய்தேன். அதனால் முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் கட்டுகளை நடப்பு, முடிந்தது என்று இரண்டாகப் பிரியுங்கள். கடைசி இரண்டு வருட டைரிகளைப் பார்த்தாலே எந்தெந்த வழக்குக்கு வாய்தா போட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டும் தேடலாம், நிலுவையில் இருப்பதெல்லாம் வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வக்கீல் இறந்தால் அவருக்குக் கொடுத்த வக்காலத்தும் அத்தோடு முடிந்துவிடும். சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 3 விதி 4. கட்சிக்காரர் புது வக்கீலை வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வக்கீலின் சம்மதம் வாங்கும் வேலை இதில் இல்லை. ஆனால் பல பேருக்கு இது தெரியாது. ஐயா பார்த்துக்கொள்வார் என்று ஊரில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் நடப்புக் கட்டுகளுக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். குறிப்பாக, சமீபத்தில் தீர்ப்பான கட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டக் கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள்தான், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். கெடு தாண்டியிருந்தாலும் பயப்பட வேண்டாம், வக்கீல் இறந்த காரணத்தைச் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், காலவரையறைச் சட்டம் பிரிவு 5. எவ்வளவு சீக்கிரம் போகிறார்களோ அவ்வளவு நல்லது.

அடுத்து, கட்டு கட்சிக்காரருடைய சொத்து. ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று வக்கீலே பிடித்து வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் வருடமே சொல்லிவிட்டது. யாராவது வந்து “ஐயாவுக்குப் பாக்கி இருக்கும்மா” என்று தயங்கினால், கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டாலும் கட்டைக் கொடுத்துவிடுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். கட்டு எண், உள்ளே என்னென்ன அசல், வாங்கியவர் பெயர், அடையாள அட்டை, கையெழுத்து. அசல் பத்திரங்களைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுச் சொத்து வழக்காக இருந்தால் கவனம். அண்ணன் வந்து தம்பி கொடுத்த காகிதத்தைக் கேட்பார். வக்காலத்தில் யார் கையெழுத்தோ அவரிடம் மட்டும் கொடுங்கள்.

கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியீடு செய்த அசல்கள் கட்டில் இருக்காது, கோர்ட்டிலேயே இருக்கும். வழக்கு முடிந்து அப்பீல் காலமும் முடிந்துவிட்டால் மனுப் போட்டுத் திரும்ப வாங்கலாம். கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், இருபது வருடமாகப் பத்திரம் தொலைந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

உங்கள் அப்பா சொன்ன “என்னோட போகணும்” என்பது அவர் குணம் மட்டுமில்லை, சட்டமும் அதுதான். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 126, 2024 ஜூலையிலிருந்து வந்த புதுச் சட்டத்தில் பிரிவு 132. வழக்கு முடிந்த பிறகும் அந்த ரகசியம் ரகசியம்தான். நீங்கள் பிரித்துப் பார்த்து உடனே மூடியது சரி. அட்டை, முதல் பக்கம், அசல் பட்டியல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ஒரு விஷயம். தமிழ்நாட்டில் வழக்கறிஞர் நல நிதிச் சட்டம் 1987இலிருந்து இருக்கிறது. அப்பா அதில் உறுப்பினரா, நியமனதாரர் யார் என்று சங்கத்தில் கேட்டு பார் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போடுங்கள். துக்கத்தில் பல குடும்பங்கள் இதை விட்டுவிடுகின்றன.


நகரத்தான்:

400 கட்டையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் அல்லாடுவீர்கள்? அசலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போட்டுவிடுங்கள். எங்கள் மாமா வீட்டில் அப்படித்தான் செய்தோம்.


காவிரிக்கரை வக்கீல்:

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம், எடைக்கு மட்டும் போடக்கூடாது. ஒரு விவாகரத்து வழக்கின் எதிருரை வடைப் பொட்டலமாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அதே தெருவில் இருக்கிறாள். எவ்வளவு பழைய கட்டானாலும் அதில் ஒரு குடும்பத்தின் சண்டை இருக்கிறது. உரியவர் கிடைக்காவிட்டால் விலாசத்துக்குப் பதிவுத் தபால் போட்டு, சில வருடம் வைத்திருந்து, அப்புறம் தூளாக வெட்டியோ கண்முன்னால் எரித்தோ அழிக்க வேண்டும். அசலை எந்தக் காலத்திலும் அழிக்கக்கூடாது.

சமஸ்தான முத்திரைத் தாளைப் பார்த்ததும் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று தோன்றும். அந்தக் குடும்பம் சம்மதித்தால் மட்டும் செய்யலாம், இன்றைக்கும் அவர்கள் நிலத்துக்கு அதுதான் வேராக இருக்கலாம். மெட்ராஸ் லா ஜர்னல் வால்யூம்கள் இருந்தால் சங்க நூலகத்துக்கோ, ஆபீஸ் போடக் காசில்லாத ஜூனியர் யாருக்காவதோ கொடுங்கள். சட்டம் இல்லாத பழைய தமிழ்ப் புத்தகங்கள், இதழ்கள் இருந்தால் ஞானாலயா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், உங்கள் ஊரிலேயே இருக்கிறது.


பலாத்தோப்பு:

அம்மா, உங்கள் வீட்டுத் திண்ணையில் நான் எத்தனை தடவை காபி குடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நான் ஆலங்குடிப் பக்கம். பச்சை வண்டி என்று படித்ததும் தெரிந்துவிட்டது. ஐயா போன சேதி எனக்கு இதைப் படித்துத்தான் தெரியும். இரண்டு நாளாக மனசு சரியில்லை. என் மகள் போனில் நானே மெதுவாக அடிக்கிறேன்.

எனக்கு 1986இல் கல்யாணம். அம்மா முன்னாலேயே இல்லை. அப்பா 1994இல் இறந்தார். எங்களுக்கு 9 ஏக்கர், தென்னையும் பலாவும். அண்ணன்கள் இரண்டு பேர். உனக்கு நகை போட்டாச்சு, நிலம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 1998இல் ஐயாவிடம் போனேன். உடனே கேஸ் போடவில்லை. அண்ணன்களுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், வரவில்லை. அப்புறம்தான் பாகப்பிரிவினைக்குப் போட்டார்.

முதல் நாளே எனக்குப் பச்சையாகச் சொல்லிவிட்டார். நீங்கள் மேலே எழுதியிருக்கிறீர்களே அந்த 1989 சட்டம், அது அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. எனக்கு மூன்று வருடத்தில் தப்பிப்போனது. “தங்கச்சி, சொத்தை முதல்ல அப்பாவும் ரெண்டு அண்ணனும் மூணாப் பிரிச்சதா வெச்சுக்கணும். அப்பாவோட பங்கை மட்டும் நீங்க மூணு பேரும் பிரிச்சுக்கணும். உனக்கு ஒன்பதுல ஒண்ணு” என்று ஒரு பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினார். ஒரு ஏக்கர். 2003இல் அப்படியே பிரிலிமினரி டிகிரி, அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்ற முதல் தீர்ப்பு, ஆனது. ஆனால் நிலத்தை அளந்து பிரிக்கும் ஃபைனல் டிகிரி இழுத்துக்கொண்டே போனது.

2005 செப்டம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் டி.வி.எஸ். 50 வந்து நிற்கிறது. ஐயா, பின்னால் உங்கள் அம்மா. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி தாண்டி அந்த வண்டியில் வந்திருக்கிறார்கள். எனக்கு யாருக்கு என்ன ஆச்சோ என்று உயிரே போய்விட்டது. ஐயா சிரித்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை இவளை வெளியில கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன், அப்படியே உன்கிட்டயும் ஒரு சேதி சொல்லலாம்னு” என்றார். மத்திய அரசு சட்டத்தைத் திருத்திவிட்டது, செப்டம்பர் 9 முதல் கல்யாணம் ஆன பெண்ணுக்கும் மகனைப் போலப் பங்கு உண்டு. ஃபைனல் டிகிரி ஆகாததால் உனக்கும் கேட்கலாம், மூன்றில் ஒன்று. ஐயா எனக்கு மறுபடி கட்டம் போட்டுக் காட்டினார். உங்கள் அம்மா என் மாமியாரோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு முடியவில்லை அம்மா. பிரிலிமினரி டிகிரி ஆன பிறகும் பங்கை மாற்றிக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்ன பிறகுதான் 2012இல் எனக்கு மூன்றில் ஒன்று என்று ஆனது. அண்ணன்கள் அப்பீல் போனார்கள். 2015இல் டெல்லியில் வேறு ஒரு தீர்ப்பு, 2005 செப்டம்பர் 9ஆம் தேதி அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு அந்தப் பங்கு என்று. என் அப்பா போய் அப்போது இருபது வருடம் ஆகிவிட்டது. மறுபடி ஒரு ஏக்கருக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு நான் கோர்ட் வாசலில் உட்கார்ந்து அழுதேன். ஐயா பக்கத்தில் அந்தப் படியிலேயே கோட்டோடு உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்த பிறகுதான் எழுந்தார்.

மதுரை ஹைகோர்ட் கிளைக்கு இரண்டாம் அப்பீல் போட்டது அவர் பிடிவாதம். எனக்குக் காசும் இல்லை, தெம்பும் இல்லை. அங்கே ஒரு வக்கீலைப் பிடித்து, முதல் நாள் அவரே என்னைப் பஸ்ஸில் கூட்டிப் போனார். திருமயம், திருப்பத்தூர், மேலூர் தாண்டி யானைமலை தெரிந்ததும் “இறங்கணும், எழுந்திரு” என்றார். அந்த அப்பீலுக்கு அவர் என்னிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வருடா வருடம் ஒரு பலாப்பழம் கொண்டுபோய்க் கொடுப்பேன், டைரியில் “பலா 1, வரவு” என்று எழுதிக்கொள்வார். டைரியில் பாருங்கள், இருக்கும்.

இதற்கு நடுவில்தான் 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வந்தது. எந்தத் தோப்புக்காகக் கேஸோ அந்தத் தோப்பே சாய்ந்துவிட்டது. தாத்தா வைத்த பலா வேரோடு கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஐயா எப்படியோ வந்து சேர்ந்தார். ஒவ்வொரு மரமாக எண்ணச் சொல்லிப் படம் எடுக்க வைத்தார். அப்புறம் நேராக என் பெரியண்ணன் வீட்டுக்கு நடந்துபோனார், எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கு! “உங்க வக்கீல்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். நிவாரண மனுவுல மூணு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்க, கேஸைக் காட்டி யாருக்கும் இல்லாமப் போயிடப் போவுது” என்றார். இருபது வருடம் கழித்து என் அண்ணன் வீட்டுப் படி ஏறினேன். அண்ணி தண்ணீர் கொடுத்தார்கள்.

2020 ஆகஸ்ட் 11, கொரோனா சமயம். ராத்திரி எட்டு மணிக்கு ஐயா போன். “தங்கச்சி, சுப்ரீம் கோர்ட்ல மூணு நீதிபதி உட்கார்ந்து சொல்லிட்டாங்க. அப்பா இருந்தாரா இல்லையாங்கிறது கணக்கு இல்லையாம். மகள் பிறந்ததே போதுமாம்.” குரல் கம்மியது அவருக்கு. அடுத்த வருடம் அண்ணன்களே சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள். 3 ஏக்கர் என் பெயரில் பட்டா ஆனது. புதுக் கன்று வைத்திருக்கிறேன், பலா காய்க்க இன்னும் வருடம் ஆகும். முதல் காய் ஐயாவுக்கு என்று சொல்லி வைத்திருந்தேன்.

என் கட்டு அங்கேதான் இருக்கும் அம்மா. அவசரமில்லை. அந்தக் கட்டம் போட்ட இரண்டு பேப்பரும் உள்ளே இருந்தால் மட்டும் எனக்கு வேண்டும்.


திருவப்பூர் பேரன்:

வணக்கம். என் தாத்தா உங்கள் அப்பாவிடம் 1984 முதல் 2015 வரை குமாஸ்தாவாக இருந்தவர். கண் சரியாகத் தெரியாது. இதை நான் படித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல அடிக்கிறேன்.

“பாப்பா, நல்லா இருக்கியா. அம்மா நல்லா இருக்காங்களா. அப்பாவைப் பத்தி சங்கத்துக்கு எழுதறதுன்னா நான் ரெண்டு விஷயம் சொல்றேன், எழுதறதும் விடறதும் உன் இஷ்டம்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போன வருஷம், 2011இல், அப்பாவை அரசு வழக்கறிஞராப் போடறதுக்கு ஆள் வந்து கேட்டாங்க. எல்லாரும் தேடிப் போற பதவி. நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், நான் அங்கதான் நின்னேன். அப்பா, ‘நான் மத்தியானம் ஒண்ணரை மணிக்கு வீட்டுல இருக்கணும், சர்க்கார் வேலையில அது நடக்காது’ன்னு சொல்லிட்டார். அம்மாவுக்கு இது தெரியாது. உங்கிட்டயும் சொல்ல வேணாம்னார். இப்ப அவர் இல்லை, நான் சொல்லிட்டேன்.

ஒண்ணரைக்குக் கோர்ட் எழுந்தா ரெண்டேகாலுக்குத் திரும்ப உட்காருவாங்க. முக்கால் மணி நேரம். வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஊட்டிட்டு, மாத்திரை கொடுத்துட்டு, கையை நீவி விட்டுட்டு வருவார். தான் சாப்பிட்டது சாயங்காலம் நாலரைக்குக் கேன்டீன்லதான். நாலு வருஷம் நான் பார்த்தேன், நான் வேலையை விட்டு நின்ன பிறகும் அப்படித்தான்னு கேள்வி. ரெண்டேகாலுக்கு ஒரு நிமிஷம் பிந்தினது இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கெல்லாம் தெரியும், அந்த நேரத்தை ஒட்டி சாட்சியை ஏத்த மாட்டாங்க.

இன்னொண்ணு. பொய் பிராது போடச் சொல்லி வர்றவங்களைத் திட்டமாட்டார். ‘இதை நான் எழுதினா என் பொண்ணு படிக்க முடியாது’ன்னு சொல்லித் திருப்பி அனுப்புவார். நீ அப்ப மூணாங்கிளாஸ்.

கட்டு விஷயம். அப்பா மேஜைக்கு வலது கைப்பக்கம் அலமாரி, கீழ்த்தட்டு. அங்க மூணு கட்டு தனியா இருக்கும், நம்பர் போட்டிருக்காது. அதைக் கோர்ட்டுக் கட்டோட சேர்த்து யாருக்கும் கொடுத்துடாதே.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வாசலுக்குப் போய்விட்டார்.


வடக்குவீதி மகள்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

காவிரிக்கரை தம்பி, நீங்கள் சொன்னபடி பிரித்தேன். நடப்பு 38 கட்டு. முப்பத்தைந்து பேரிடம் பேசிவிட்டேன். இரண்டு பேருக்குப் பதிவுத் தபால் போட்டிருக்கிறேன். ஒன்று அப்பீல் கெடு முடிய ஒன்பது நாள் இருந்த கட்டு, அந்தப் பெரியவர் அன்றைக்கே வந்து வாங்கிக்கொண்டு போய் வேறு வக்கீலிடம் கொடுத்துவிட்டார். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. நோட்டு போட்டிருக்கிறேன், இதுவரை 61 கையெழுத்து. சமஸ்தானத்துப் பத்திரத்துக்கு உரியவரின் பேரன் கிடைத்துவிட்டார். நல நிதிக்கும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. லா ஜர்னல் வால்யூம்களைச் சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள்.

பலாத்தோப்பு அக்கா, உங்கள் கட்டுதான் இருப்பதிலேயே தடிமன். கட்டம் போட்ட பேப்பர் இரண்டும் மேலாகவே இருக்கின்றன. ஒன்பதாகப் பிரித்தது பென்சிலில், மூன்றாகப் பிரித்தது பேனாவில். டைரிகளில் பலா வரவும் இருக்கிறது. 2024 வரை ஒரு வருடம் விடாமல் இருக்கிறது. அம்மாவுக்கு உங்கள் மாமியாரை நன்றாக நினைவிருக்கிறது. அந்த முந்திரிக்கொட்டை தோலில் பட்டுக் கை புண்ணானதாகச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

குமாஸ்தா மாமா, அரசு வழக்கறிஞர் விஷயத்தை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துச் சொன்னேன். அம்மா, “எனக்குத் தெரியும்” என்றார்கள். நாற்காலி இழுத்த சத்தம் உள்ளே கேட்டதாம். படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். அவர் சொல்ல விரும்பவில்லை, நானும் கேட்கவில்லை என்றார்கள். பதிமூன்று வருடம்.

கீழ்த்தட்டைத் திறந்தேன். ஒரு கட்டு அம்மாவுடையது. 1992ஆம் வருடத்துச் சைக்கிள் ரசீதிலிருந்து கடைசி மருந்துச் சீட்டு வரை தேதி வரிசையில் இருக்கிறது. ஒன்று தம்பியுடையது. ஒன்று என்னுடையது, அதில் நான் மூன்றாம் வகுப்பில் அப்பாவுக்கு எழுதிய மனு இருக்கிறது. மனுதாரர் நான், எதிர்மனுதாரர் தம்பி, என் பென்சில் பெட்டியை உடைத்துவிட்டான். அடியில் அப்பாவின் கையெழுத்தில்: “இரு தரப்பும் விசாரிக்கப்பட்டது. எதிர்மனுதாரருக்கு வயது 4. புதுப் பெட்டி வாங்கித் தர உத்தரவு. தொகையை நீதிமன்றம் செலுத்தும்.” அந்தப் பெட்டி எனக்கு நினைவிருக்கிறது, நீல நிறம், காந்தம் வைத்து மூடும். இந்த மனுவைத்தான் படத்திறப்பில் வாசிக்கப் போகிறேன். அதோடு கேரியரைப் பிடித்து ஓடியது, கோர்ட் படியில் கோட்டோடு உட்கார்ந்தது, ஒண்ணரை மணி. இரண்டு பக்கத்துக்குச் சரியாக இருக்கிறது.

ஆனால் மாமா, நீங்கள் மூன்று கட்டு என்றீர்கள். அங்கே நான்கு இருந்தது. நான்காவதில் உங்கள் மகளின் நர்ஸிங் படிப்புக்கு ஃபீஸ் கட்டிய ரசீதுகள், 1999ஆம் வருடத்திலிருந்து. உங்கள் வீட்டு மனைப் பட்டாவின் நகல். உங்கள் கண் ஆபரேஷன் சீட்டு. பேரன் பிறந்தபோது நீங்கள் லீவு கேட்டு எழுதிய துண்டுச் சீட்டு. எங்கள் மூன்று கட்டுக்குப் போட்ட அதே நாடா.

ஞாயிற்றுக்கிழமை தம்பி காரை எடுத்துக்கொண்டு திருவப்பூர் வருவான். பேரனோடு வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் இங்கேதான் சாப்பாடு, ஒண்ணரை மணிக்கு.